ஒம்பது மடிச்சாச்சு, பத்து எடுத்துக்கோ

நடுக்கம் அக்கா பயப்படாத சாமான் உலகத்துல மொத்தமே ரெண்டுதான். ஒண்ணு உப்பு, இன்னொண்ணு தலகாணி. மத்தபடி லிஃப்டுன்னா பயம். போன் அடிச்சா பயம், ரொம்ப நேரம் அடிக்காம இருந்தா அதைவிடப் பயம். பலூனைத் தெருக்கோடியில பார்த்தா இங்கயே காதைப் பொத்திக்குவாங்க. ஒரு தடவை தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்குப் பயந்து அப்படியே உள்ள முழுங்கிட்டாங்க. அந்தத் தும்மல் இன்னும் வெளிய வரல, உள்ளயே எங்கயோ சுத்திட்டிருக்கு.

இந்த ஆளு ரேடியோவுல பேசுறாங்கன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நானே நம்பல, பக்கத்துல உக்காந்து பட்டனை அமுக்குறவன் நான்.

எங்க ரேடியோ பெரிய ரேடியோ இல்ல. மூணு மாடிக் கட்டடம் ஒண்ணு. கீழ என் டூவீலர் மெக்கானிக் கடை. நடுவுல தையல் கிளாஸு. உச்சியில ரேடியோ. எட்டு கிலோமீட்டருக்குக் கேக்கும், மழை பெஞ்சா ஆறு. சினிமாப் பாட்டு கிடையாது. மூட்டை தூக்குறவங்க பாடுறது, செங்கல் அடுக்குறவங்க பாடுறது, நடுவுல அவங்க கூலி, அவங்க தண்ணி, அவங்க வீட்டுப் பிரச்சினை, இதுதான் எங்க சரக்கு. நடத்துறவங்க டீச்சர். கணக்கு டீச்சரா இருந்து ஓய்வு வாங்கினவங்க. அவங்க ஒரு பார்வை பார்த்தா ஓடுற ஃபேன் நின்னு "யெஸ் டீச்சர்" சொல்லும்.

எனக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தம் சண்டையிலதான் ஆரம்பிச்சுது. என் கடையில காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஒண்ணு இருக்கு. அது ஓடுச்சுன்னா கட்டடமே பல்லைக் கடிக்கும். ஒரு நாள் டீச்சர் இறங்கி வந்தாங்க.

"தம்பி, நீங்க டயருக்கு அடிக்கிற காத்து என் நிகழ்ச்சி பூரா கேக்குது."

"அப்ப என் காத்தும் ரேடியோவுல வருதா டீச்சர்?"ன்னு பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லுக்குத் தண்டனையா வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு கம்ப்ரஸரை நிறுத்திட்டு மேல வந்து உக்காரணும்னு சொல்லிட்டாங்க. நாலாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துல இருந்து தப்பிச்சவன், நாப்பது வயசுல டீச்சர் கையில மாட்டினேன். அங்க எல்லாரும் என்னை ஸ்பேனர்னு கூப்பிடுவாங்க.

அக்கா வந்த கதை வேற. எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு பெரிய லாண்டரி இருக்கு. ஆஸ்பத்திரித் துணி, ஹோட்டல் துணி எல்லாம் டன் கணக்குல வெளுப்பாங்க. அந்த லாண்டரி வேன் ஓட்டுறவர் அக்கா வீட்டுக்காரர். அக்காவும் அங்கயே பதினோரு வருசம் ஒம்பதாம் மேசையில தலகாணி உறை மடிச்சவங்க. அதனாலதான் தலகாணிக்குப் பயமில்ல, பழகிப்போச்சு. அப்புறம் முழங்கை விட்டுப்போச்சு, வேலையை விட்டாங்க.

ரேடியோ ரூம் சுவத்துல அடிக்கிறதுக்கு பழைய ஆஸ்பத்திரிக் கம்பளி கேட்டிருந்தோம். மாமா வேன்ல கொண்டு வந்தார். அக்காவை நான் அக்கான்னு கூப்பிடுறதால அவர் எனக்கு மாமா. கூட வந்த அக்கா ஒரு கையால கம்பளியைப் புடிச்சிக்கிட்டு ரூம் உள்ள வந்தாங்க. சுவத்துல அடிச்சு முடிச்சுக் கதவைச் சாத்தினோம். ஒரு சத்தம் இல்ல.

"இவ்ளோ அமைதியா ஒரு ரூம் இருக்கா?"ன்னாங்க. அங்கயே உக்காந்தாங்க. மாமா கீழ வேன்ல இருந்தே மூணு தடவை போன் பண்ணினார். எந்திரிக்கவே இல்ல. பதினோரு வருசம் டிரையர் சத்தத்துல நின்னவங்களுக்கு அது கோயில் மாதிரி இருந்திருக்கும். அடுத்த வியாழக்கிழமை டீச்சர் அவங்க முன்னாடி மைக்கை வெச்சாங்க. மைக்கைப் பார்த்தும் பயம்தான், ஆனா ரூமை விட மனசில்ல.

இப்படித்தான் 'ஷிஃப்ட் பாட்டு' வந்துச்சு. வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு. மூணு மணிக்கு மறு ஒலிபரப்பு. வேலை செய்யிற இடத்துல ஜனங்க பாடுறதை போன்ல பதிஞ்சு குடுப்பாங்க. அக்கா அதைப் போட்டுட்டு, பாடினவங்களுக்கு அங்க என்ன கஷ்டம்னு சன்னமாச் சொல்வாங்க. அந்தக் குரல் நடுங்கும். ஜனங்களுக்கு அந்த நடுக்கம்தான் புடிச்சுது. தன் பயத்தை வேற ஒருத்தர் குரல்ல கேட்டா ஒரு தெம்பு வரும்போல.

சுவத்துல டீச்சர் எழுதி ஒட்டின சட்டம் ஒண்ணு இருக்கு. பாடினவங்க பேரு வரக்கூடாது, கம்பெனி பேரு வரக்கூடாது, தெரு பேரு வரக்கூடாது, பொய் வரக்கூடாது. வெட்டுற வேலை அக்காவுது. பயந்த ஆளு வெட்டினா அதுல ஈ நுழைய இடம் இருக்காது. ஒரு பாட்டைப் பத்துத் தடவை கேப்பாங்க. ஒருத்தி பாட்டு நடுவுல இருமினா, அந்த இருமலை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு இருமலையும் வெட்டுவாங்க. மூணு வருசத்துல ஒரு தப்பு வந்ததில்ல.

வந்தது அந்த ஒரு வியாழக்கிழமைதான்.

பாட்டைக் கொண்டு வந்தது அக்காவோட நாத்தனார். மாமாவுக்குக் கூடப் பொறந்த தங்கச்சி. அக்கா விட்ட ஒம்பதாம் மேசையில இப்ப அவங்கதான் நிக்கிறாங்க. அண்ணியும் நாத்தனாரும் எப்படின்னா, பக்கத்துல பக்கத்துல உக்காந்தா நடுவுல ஒரு தீப்பெட்டி தன்னால பத்திக்கும். நாத்தனாரைப் புருசன் விட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு பொண்ணுங்க. லாண்டரிக்காரங்க குடுத்திருக்கிற லைன் வீட்டுல ஒரே ரூம். வேலை போச்சுன்னா அன்னைக்கு சாயங்காலமே வீடும் போகும். போன வருசம் பதிமூணாம் மேசைக்காரி கூலியைப் பத்தி வாயைத் தொறந்தாங்க. மழையில அவங்க பாத்திரம் எல்லாம் தெருவுல உருண்டுச்சு, ஒரு குண்டான் எங்க கடை வரைக்கும் வந்துச்சு.

நாத்தனார் வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாங்க.

"அண்ணி, உங்க ரேடியோ எட்டு கிலோமீட்டர் கேக்குதாமே, நூறு அடியில இருக்கிற எங்க பின் கதவுக்கு மட்டும் கேக்காதா?"

"பின் கதவுக்கு என்ன?"

"சங்கிலி போட்டுப் பூட்டிட்டான். துணி திருட்டுப் போகுதாம். போன வாரம் டிரையர்ல பஞ்சுத் தூசி புடிச்சுப் புகைஞ்சுது. இருபது பேரும் கதவைத் தட்டுறோம். சாவி சாவியைத் தேடுறான்!"

சாவின்னா சூப்பர்வைசர், முன் கதவுகிட்ட கண்ணாடி ரூம்ல உக்காந்திருக்கிறவர். இடுப்புல ஒரு கொத்து சாவி தொங்கும், நடந்தா மாட்டு வண்டி வர்ற மாதிரி சத்தம் கேக்கும். அன்னைக்கு அத்தனை சாவியில சரியான சாவியைக் கண்டுபிடிக்க ஆறு நிமிசம் ஆச்சாம். நல்லவேளை, புகை தானா அடங்கிருச்சு.

தலகாணி உறைக்குள்ள போனை வெச்சுப் பாடிப் பதிஞ்சதை நாத்தனார் நீட்டினாங்க. நீட்டின கையை இழுத்துக்கிட்டாங்க. வாய் சவடால் எல்லாம் போயிருச்சு.

"அண்ணி. நான்தான்னு தெரிஞ்சா என் பொண்ணுங்க ரெண்டும் தெருவுல நிக்கும்."

"தெரியாது. நான் வெட்டுறேன்ல"ன்னாங்க அக்கா.

வெட்டினாங்க. லாண்டரி பேரை வெட்டினாங்க. சாவின்னு வந்த இடத்தை வெட்டினாங்க. டிரையர் இரைச்சல்ல குரல் யாருதுன்னு பெத்த தாய்க்குக்கூடத் தெரியாது, இருந்தாலும் இன்னும் கொஞ்சம் மங்கலாக்கச் சொன்னாங்க. பதினாலு தடவை கேட்டாங்க. நானும் கேட்டேன். வியாழக்கிழமை பன்னெண்டு பத்துக்கு நான் பட்டனை அமுக்கினேன்.

*முன் கதவுல கண்ணாடி ரூமு*
*பின் கதவுல சங்கிலி*
*நடுவுல நாங்க இருபது பேரு*
*நனைஞ்ச துணி மாதிரி*

*பஞ்சுத் தூசி புகைஞ்ச நாளு*
*கதவைத் தட்டிக் கை வலிக்குது*
*தொறந்து விடுன்னு கேக்கும்போது*
*தேடுறாங்க, தேடுறாங்க*

பாட்டு முடிஞ்சுது. அக்கா ரெண்டு வார்த்தை பேசினாங்க. பன்னெண்டரைக்கு நிகழ்ச்சியும் முடிஞ்சுது. நான் கடைக்கு இறங்கலாம்னு எந்திரிச்சேன். அக்கா போன் அடிச்சுது. வழக்கம்போல அக்கா ஒரு அடி துள்ளிட்டு எடுத்தாங்க. மாமா. வேன்ல உக்காந்து வியாழக்கிழமை தவறாம கேக்குற ஆளு. ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"ஏம்மா." குரல் கிணத்துக்குள்ள இருந்து வந்துச்சு. "கடைசியில மேசை நம்பர் வருதேம்மா."

"எந்த மேசை நம்பர்?"

"பாட்டு கடைசியிலம்மா!"

"அப்படி எதுவும் வரலையே. பதினாலு தடவை கேட்டேன்."

நான் திரும்பப் போட்டேன். அக்கா காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டாங்க. "எங்க வருது?"ன்னாங்க. மறுபடி போட்டு, அந்த இடம் வந்தப்ப விரலை நீட்டிக் காட்டினேன். அப்பதான் கேட்டாங்க.

*ஒம்பது மடிச்சாச்சு, பத்து எடுத்துக்கோ!*

இது என்னன்னா, லாண்டரியில அம்பது உறை மடிச்சதும் தள்ளுவண்டி அடுத்த மேசைக்குப் போகணும். டிரையர் போடுற சத்தத்துல பேசினா காதுல விழாது. அதனால இழுத்துக் கூவுவாங்க. எட்டு மடிச்சாச்சு, ஒம்பது எடுத்துக்கோ. கூவுறதுக்கு முன்னாடி ஆளுக்கு நாலு வரி பாட்டு சேர்த்துக்குவாங்க. பாட்டு எதுவா இருந்தாலும் முடிவு இதுதான். அக்கா பதினோரு வருசம் ஒரு நாளைக்கு நாப்பது தடவை இதைக் கூவினவங்க. நம்ம மூச்சுச் சத்தம் நமக்குக் கேக்குதா? அந்த மாதிரி அவங்க காதுல அது விழவே இல்ல. இருமலை வெட்டுற ஆளு, முழு விலாசத்தை விட்டுட்டாங்க. எனக்கோ அது பாட்டுக்கு நல்ல முடிவுன்னு தோணுச்சு. என் மண்டையில இருக்கிறதும் கம்ப்ரஸர் காத்துதான்.

அக்கா முகம் வெளுத்த துணி மாதிரி ஆயிருச்சு. இத்தனை நாள் பார்த்த பயம் எல்லாம் ஒத்திகைதான்னு அப்பதான் தெரிஞ்சுது. நடுங்கவே இல்ல. கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க.

மாமா போன்ல சொல்லிட்டே இருந்தார். "சாவி கண்ணாடி ரூம்ல ரேடியோ கேட்டுட்டிருந்தார். அந்த வரி வந்ததும் ஆஃப் பண்ணினார். வெளிய வந்து ஒண்ணாம் மேசையில இருந்து விரலை விட்டு எண்ணிக்கிட்டே வந்தார். ஒம்பதுல நின்னார். ஒண்ணும் பேசல. தங்கச்சி தலையைத் தூக்காம மடிச்சுட்டிருக்கா. நாலு மணிக்குள்ள ஆஸ்பத்திரி லோடு ஏறியாகணும், அது வரைக்கும் ஒரு கை குறையக்கூடாதுல்ல? லோடு ஏறினதும் யாரும் வீட்டுக்குப் போகாம வரிசையா நிக்கணும்னு சொல்லிட்டார். இங்க ஒரு நாயைக்கூட கேட்டைத் தாண்ட விடலம்மா."

போனை வெச்சுட்டார். சுவத்துக் கடிகாரம் பன்னெண்டு அம்பது காட்டுச்சு. அந்தக் கடிகாரம் அவ்வளவு சத்தமா ஓடும்னு எனக்கு அது வரைக்கும் தெரியாது, ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சுது.

டீச்சர் சொன்னாங்க, "மூணு மணி ஒலிபரப்பை நிறுத்திடலாம்."

"நிறுத்தினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் டீச்சர்"ன்னாங்க அக்கா.

"அக்கா, நான் வேணா போய் சாவி வண்டி டயரைப் பஞ்சராக்கட்டா?"ன்னேன்.

"பஞ்சரானா அவர் வீட்டுக்குப் போக மாட்டார். இங்கயே இருப்பார்"ன்னாங்க அக்கா. கோவம்கூட இல்ல. எங்கயோ பார்த்துட்டிருந்தாங்க. மெதுவா, "ஒம்பதாம் மேசை நான்தானே"ன்னாங்க.

"இப்ப இல்லையே"ன்னேன்.

"பதினோரு வருசம் நான்தானே. அந்தப் பாட்டை நான் பாடினேன்னு சொல்றேன். இங்க உக்காந்து பாடினேன்னு சொல்றேன். குரல்தான் சரியாக் கேக்கலையே."

டீச்சர் சுவத்துல இருந்த சட்டத்தைப் பார்த்தாங்க. நாலாவது சட்டம், பொய் வரக்கூடாது. அக்காவும் பார்த்தாங்க.

"டீச்சர், கதவு உண்மை. சங்கிலி உண்மை. புகை உண்மை. வாய் மட்டும் மாறுது."

டீச்சர் கண்ணாடியைக் கழட்டினாங்க. அப்புறம், "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நீங்க பேசினது எதுவும் விழல"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. முப்பது வருசம் கடைசி பெஞ்சுல கிசுகிசுத்தவனைக் கண்டுபிடிச்ச காது அது.

ஆனா ஒரு சிக்கல் இருந்துச்சு. அதை நான்தான் கேட்டேன், கேக்காம இருந்திருக்கலாம். "அக்கா, நீங்க வேலையை விட்டு மூணு வருசம் ஆச்சு. பின் கதவுல சங்கிலி போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்னு சாவி கேப்பாரே?"

பதில் மூணு பேருக்கும் தெரியும். பின் கதவுகிட்டதான் வேன் நிக்கும். சங்கிலியை தினமும் பார்க்குற வெளி ஆளு ஒரே ஒருத்தர்தான்.

அக்கா மாமாவுக்குப் போன் போட்டாங்க. போன் போடவே பயப்படுற ஆளு. பட்டனை மூணு தடவை தப்பா அமுக்கினாங்க.

"நான்தான் பாடினேன்னு சொல்லப்போறேன். உங்க தங்கச்சி பேரு வராது. ஆனா..."

"ஆனா?"

"சங்கிலியை எனக்கு யாரு சொன்னாங்கன்னு வரும்."

அந்தப் பக்கம் டிரையர் ஓடுறது மட்டும் தூரமாக் கேட்டுச்சு. பத்தொம்பது வருசமா அந்த வேனை ஓட்டுறார் மாமா. அதுல பொண்டாட்டியைவிட ஸ்டியரிங்கைத் தொட்டதுதான் ஜாஸ்தின்னு அக்காவே சொல்லிச் சிரிப்பாங்க. அன்னைக்கு யாரும் சிரிக்கல.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." "போன மாசமே பார்த்தேன்மா. தினமும் அது முன்னாடிதான் ரிவர்ஸ் எடுக்குறேன். உள்ள என் தங்கச்சி நிக்கிறான்னு தெரியும். வாயைத் தொறக்கல. பயம்."

"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்."

"சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லிடு. எனக்கு இப்ப லோடு ஏத்தணும்."

ரெண்டு மணி ஆச்சு. ரெண்டரை ஆச்சு. அக்கா தண்ணி குடிச்சாங்க, பாத்ரூம் போனாங்க, மறுபடி தண்ணி குடிச்சாங்க, மறுபடி பாத்ரூம் போனாங்க. தண்ணி உள்ள தங்கினதாவே தெரியல. நான் ஒரு பெரிய விசயத்தை இன்னும் சொல்லல. அந்த லாண்டரியில இருபது மேசையிலயும் பாட்டு வரும். அக்கா இருந்த வரைக்கும் ஒம்பதுல மட்டும் வராது. எட்டு பாடும், பத்து பாடும், நடுவுல அக்கா கூவ மட்டும்தான் செய்வாங்க, பாடவே மாட்டாங்க. பதினோரு வருசத்துல ஒரு தடவைகூட இல்ல. எல்லாரும் பார்ப்பாங்களாம், பயம். மூணு வருசம் ரேடியோவுலயும் மத்தவங்க பாட்டைத்தான் போட்டாங்க, தான் ஒரு வரி முணுமுணுத்ததில்ல. பாத்ரூம்லகூட பாடாத மனுசியை நீங்க பார்த்திருக்கீங்களா?

மூணு மணி. சிவப்பு லைட் எரிஞ்சுது.

"இது மறு ஒலிபரப்பு இல்ல"ன்னு ஆரம்பிச்சாங்க. குரல் நடுங்குச்சு பாருங்க, மைக் ஸ்டாண்டே கூடச் சேர்ந்து ஆடுற மாதிரி இருந்துச்சு. "பன்னெண்டு மணிக்குக் கேட்ட பாட்டு என்னுது. நான்தான் பாடினேன். நான் லாண்டரியில ஒம்பதாம் மேசையில இருந்தவ. லாண்டரி வேன் ஓட்டுறவர் என் வீட்டுக்காரர். பின் கதவுல சங்கிலி போட்டிருக்குன்னு அவர்தான் பார்த்துச் சொன்னார்."

அப்புறம் தன் பேரையும் சொன்னாங்க. மூணு வருசத்துல முதல் தடவை. அதை நான் இங்க எழுத மாட்டேன், அன்னைக்கு ஒரு நாள் வெளிய வந்தது போதும்.

"பாட்டுக்குப் பின்னாடி இரைச்சல் கேட்டிருக்கும். அது டிரையர் இல்ல. எங்க கட்டடத்துக்குக் கீழ இருக்கிற கம்ப்ரஸர். இப்பவும் போடச் சொல்றேன். கேளுங்க."

சொல்லிட்டு என்னைப் பார்த்தாங்க. இது பேசி வெச்சதில்ல. டீச்சர் என் சீட்ல வந்து உக்காந்தாங்க. நான் ஓடினேன். மூணு மாடிப் படியில கால் எத்தனை படியைத் தொட்டுச்சுன்னு தெரியாது, மொத்தம் நாலு இருக்கும். தையல் கிளாஸ் பொம்பளைங்க எல்லாம் தீப்புடிச்சிருச்சுன்னு எந்திரிச்சுட்டாங்க. கடைக்குள்ள பாஞ்சு கம்ப்ரஸரைப் போட்டேன். கட்டடம் பல்லைக் கடிச்சுது. அந்தச் சத்தத்துக்குப் பேயைக் கண்ட மாதிரி ஓடுற அக்கா, மேல தனியா உக்காந்திருக்காங்க. கடை ரேடியோவைக் காதோட ஒட்டி வெச்சேன்.

பாடினாங்க.

சுருதி இல்ல, தாளம் இல்ல. முதல் வரியில பாதி காத்தாப் போச்சு. கம்ப்ரஸருக்கு நடுவுல அந்தக் குரல் முங்குது, எந்திரிக்குது, மறுபடி முங்குது. நாத்தனார் பாடின எட்டு வரியும் பாடி முடிச்சாங்க. அதோட நிப்பாங்கன்னு நெனச்சேன். நிக்கல. தானா நாலு வரி சேர்த்தாங்க.

*பதினோரு வருசம் மடிச்சேன் நானும்*
*பாட்டு மட்டும் மடிக்கல*
*பயந்து பயந்து சேர்த்து வெச்சேன்*
*பாரம் இன்னும் குறையல*

*ஒம்பது மடிச்சாச்சு, பத்து எடுத்துக்கோ!*

அந்தக் கூவல்ல மட்டும் நடுக்கம் இல்ல. பழகினதுல்ல.

கம்ப்ரஸரை நிறுத்தின பிறகும் என் காதுல ஓடிட்டே இருந்துச்சு. மேல போனேன். டீச்சர் கண்ணாடியைத் துடைச்சுட்டிருந்தாங்க. அக்கா மேசைக்கு அடியில இருந்தாங்க. ஆமா, மேசைக்கு அடியில. "செருப்பைத் தேடுறேன்"ன்னாங்க. செருப்பு கால்லதான் இருந்துச்சு.

மூணே முக்காலுக்கு மூணு பேரும் லாண்டரி கேட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னோம். டீச்சர், "நான் சும்மா வாக்கிங் வந்தேன்"னு சொல்லிட்டே வந்தாங்க. நாலு ஆச்சு. கேட் தொறக்கல. நாலு பத்து. உள்ள இருந்து ஒரு சத்தமும் இல்ல, டிரையர்கூட நின்னுருச்சு. அக்கா என் சட்டையைப் புடிச்சிருந்தாங்க, பட்டன் ஒண்ணு தெறிச்சு விழுந்துச்சு. நாத்தனார் மூட்டையோட வர்ற மாதிரி, ரெண்டு பொண்ணுங்க பின்னாடி வர்ற மாதிரி என் கண்ணுல படமா ஓடுது. போன வருசத்துக் குண்டானும் உருண்டு வருது.

நாலு இருபதுக்கு கேட் தொறந்துச்சு.

ஒண்ணாம் மேசை வந்தாங்க. ரெண்டு வந்தாங்க. நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு, எட்டு. அப்புறம் ஒரு பத்து செகண்டு யாரும் வரல. பத்து செகண்டா அது? அதுக்குள்ள எனக்குத் தாடி வளர்ந்து நரைச்சிருச்சு.

நாத்தனார் வந்தாங்க. கையில சாப்பாட்டு டப்பா. தோள்ல பை. தினமும் போற மாதிரி நடை. மூட்டை இல்ல. எங்களைப் பார்த்தாங்க, பார்க்காத மாதிரி நேரா நடந்தாங்க. எங்களைத் தாண்டும்போது வாயைத் தொறக்காம முணுமுணுத்தாங்க.

"சுருதியே சேரல அண்ணி. கழுதையே தோத்துது போங்க."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து ரெண்டும் வழியில மாட்டிக்கிச்சு. நாத்தனார் நாலு அடி போய் செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சாங்க. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அப்புறம் நிமிந்து லைன் வீட்டுப் பக்கம் போயிட்டாங்க.

எல்லாரும் போன பிறகு கடைசியா ஒரு ஆளு வந்தார். எனக்கு அடையாளமே தெரியல. மாமா. அவரை வேனுக்குள்ள வெச்சேதான் பார்த்திருக்கேன். இவருக்குக் கால் இருக்குன்னே அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

"வண்டி?"ன்னாங்க அக்கா.

"சாவியை வாங்கிட்டார்."

ரோட்டைத் தாண்டி வந்து அக்கா பக்கத்துல நின்னார். என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னார். மூணு மணிப் பாட்டு முடிஞ்ச கையோட கண்ணாடி ரூமுக்கு ரெண்டு போன் வந்துச்சாம். ஒண்ணு ஹோட்டல்ல இருந்து, இன்னொண்ணு ஆஸ்பத்திரியில இருந்து, "ரேடியோவுல சொல்றது உங்க லாண்டரியா?"ன்னு கேட்டு. வரிசையில நிக்க வெச்சு ஒம்பதாம் மேசைகிட்ட சாவி, "உங்க அண்ணிக்கு இது எப்பல இருந்து?"ன்னு கேட்டாராம். "அவங்க பேசினதே இப்பதான் சார் கேக்குறேன், பாட்டுக்கு எங்க போறது?"ன்னு நாத்தனார் சொல்லியிருக்காங்க. பதினோரு வருசம் அக்கா ஒரு வரி பாடாததைப் பார்த்த அத்தனை பொம்பளைங்களும் தரையைப் பார்த்துட்டு நின்னாங்களாம். ஒருத்தி வாயும் அசையல.

"அப்புறம் என்னைக் கூப்பிட்டார். பின் கதவுச் சங்கிலியை அவரே கழட்டினார். வேன்ல ஏத்தி உள்ள கடைசியில இருக்கிற ஸ்டோர்ல போட்டுட்டு வரச் சொன்னார். போட்டுட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் வண்டிச் சாவியைக் கேட்டார்."

பத்தொம்பது வருசத்துல மாமா ஏத்தின கடைசி லோடு அந்தச் சங்கிலி.

"மறுபடி போட்டுட்டா?"ன்னு அக்கா கேட்டாங்க. கண்ணுல பழைய பயம் வந்து உக்காந்துருச்சு. "நாளைக்கே எடுத்துட்டு வந்து மறுபடி பூட்டிட்டா?"

மாமா லாண்டரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நாலு பேரும் கடைப் பக்கம் நடந்தோம். மாமா நடக்கத் தெரியாத மாதிரி நடந்தார், திருப்பத்துல எல்லாம் கை தன்னால இண்டிகேட்டரைத் தேடுச்சு. பாதி வழியில நின்னார்.

"ஏம்மா, நாளைக்குக் காலையில எந்திரிச்சு நான் எங்க போறது?"

அக்கா அவர் கையைப் புடிச்சாங்க. பதில் சொல்ல வாயைத் தொறந்தாங்க. பதில் வரல. தும்மல் வந்துச்சு. பாருங்க, அந்தத் தும்மல்! எத்தனை வருசத்துப் பாக்கியோ. தெருநாய் எந்திரிச்சு ஓடிச்சு, டீச்சர் என் மேல சாஞ்சாங்க, மாமா ரோட்டோரம் ஒதுங்கினார்.

அக்கா மட்டும் துள்ளல. மூக்கைத் துடைச்சுட்டு, "முதல்ல வீட்டுக்குப் போவோம். உங்க தங்கச்சி வருவா, பாட்டுல என்னென்ன தப்புன்னு சொல்றதுக்கு"ன்னாங்க.